ஒரே திசையில் நடந்த இரண்டு சங்கங்கள்

ராமகிருஷ்ணனோடு ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று சொன்னபோதே ஆதிலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காருவதாவது! அந்த ஆள் செங்கம் ரோட்டில் இந்த ஓரமாக வந்தால் இவள் அந்த ஓரம் மாறிப் போகிறவள். இரண்டு வருஷமாக அப்படித்தான். அவன் பேரைச் சொன்னால் வாயைக் கொப்பளிக்காமல் ஆதிலட்சுமி தண்ணீர் குடிக்க மாட்டாள் என்று அடி அண்ணாமலையில் கேலி பேசுவார்கள். அதில் பாதி நிஜம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆதிலட்சுமி அடி அண்ணாமலையில் மகளிர் சங்கம் நடத்துகிறவள். மலைக்குப் பின்பக்கத்துக் கிராமங்களில் எந்தப் பெண்ணுக்கு எது என்றாலும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ராமகிருஷ்ணன் ரமணாசிரமத்துப் பக்கம் ‘மலைநிழல் தொண்டு அறக்கட்டளை’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவன். மரம் நடுவான், கண் முகாம் போடுவான், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் செய்வான். இரண்டு வருஷத்துக்கு முன் சித்ரா பௌர்ணமி அன்று, பூக்கார ஆராயி மருமகள் பாஞ்சாலைக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. மலை சுற்றும் பாதை முழுக்க ஜனம். பஸ் இல்லை, ஆட்டோவை ஊருக்குள்ளேயே விடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு வண்டி நின்றது, ராமகிருஷ்ணனுடைய வேன். ஆதிலட்சுமி தலைவிரிகோலமாக ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள்.

"வண்டியில அன்னதானம் இருக்குதும்மா. சாதம் எறங்கட்டும், அப்பால பாக்கலாம்," என்றான் அவன்.

சாதம் இறங்கியது. ஜனம் சாப்பிட்டது. பாஞ்சாலையின் குழந்தை மாட்டு வண்டியில் போகிற வழியிலேயே செத்துப் பிறந்தது. மறுநாள் ஆதிலட்சுமி அவன் ஆபீஸ் வாசலில் நின்று, ரோட்டு மண்ணை இரண்டு கையாலும் வாரி இறைத்து, "நீ விளங்க மாட்ட, உன் வண்டி விளங்காது"ன்னு செங்கம் ரோடே கேட்கச் சாபம் விட்டாள். அவனோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "பிரசவம்னு எவன் சொன்னான்? வயித்து வலின்னுதான் சொன்னா"ன்னு சொல்லித் திரிந்தான். மண் வாரி இறைத்ததை அவனும் மறக்கவில்லை, அந்தப் பேச்சை இவளும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் சென்னைக்காரர்கள் கூட்டுச் சேரச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய தொண்டு நிறுவனம், மாவட்டத்துக்கு ஒரு ஜீப் தருகிறது. பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் ஓடுகிற ஜீப். டிரைவர், டீசல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரே நிபந்தனை, தனியாகக் கேட்டால் கிடையாது, இரண்டு அமைப்பு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ராமகிருஷ்ணனை விட்டால் ஆளில்லை. பாஞ்சாலை மறுபடி முழுகாமல் இருந்தாள். இது அவளுக்கு நிறைமாசம். ஆதிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றின் மாடியில் கூட்டம். சென்னையிலிருந்து வந்த பூஜா மேடம் சின்ன வயசுக்காரி, நல்ல பெண். மூச்சுக்கு மூச்சு பார்ட்னர்ஷிப் என்றாள்.

"இதுல யார் பெரியவங்க, யார் சின்னவங்கன்னு இல்லைங்க. ரெண்டு பேரும் சமம்."

"அப்படின்னா பேனர்ல யார் பேரு மேல வரும்?" என்றான் ராமகிருஷ்ணன்.

"பக்கத்துல பக்கத்துல போட்டுடலாமே."

"யார் பேரு முதல்ல? படிக்கிறவன் ஒரு பக்கத்துலேர்ந்துதானே படிப்பான்?"

இந்த ஆளுக்கு மூளை இதில் மட்டும் எப்படித்தான் ஓடுகிறதோ என்று ஆதிலட்சுமிக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமாகச் சொன்னால் அவளும் அதையேதான் கேட்க இருந்தாள், அவன் முந்திக்கொண்டான். கடைசியில் ஆளுக்கொரு பேனர் என்று முடிவானது. அடுத்த சண்டை, கையெழுத்து எங்கே போடுவது. அவன் ஆபீஸுக்கு இவள் வர மாட்டாள். இவள் சங்கத்துக் கொட்டகைக்கு அவன் வர மாட்டான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வைக்கலாம் என்றால், அது அவனுக்கு வேண்டப்பட்டவர்கள் இருக்கிற இடம் என்றாள் இவள்.

மேடம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கிரிவலப் பாதை வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். அவள் முகம் மலர்ந்தது. "ஒரு ஐடியா! ஞாயித்துக்கெழம காலையில நீங்க ஆசிரமத்துலேர்ந்து ஊர்வலமா நடந்து வாங்க. அவங்க அடி அண்ணாமலையிலேர்ந்து நடந்து வரட்டும். நடுவுல சந்திச்சு அங்கயே கையெழுத்துப் போடுங்க. யாரும் யார் வீட்டுக்கும் போகல."

அவள் விரல் அடி அண்ணாமலையிலிருந்து ஆசிரமத்தை நோக்கிப் போனது.

"மேடம், அது இடப்பக்கம்," என்றாள் ஆதிலட்சுமி. "கடைக்குப் போறது, மாடு ஓட்றதுன்னா எந்தப் பக்கமும் போவலாம். ஊர்வலமா சாமி பேரச் சொல்லி கால் வச்சா, மல வலது கைப் பக்கந்தான் இருக்கணும். எங்க பொம்பளைங்க செத்தாலும் எதிர்ப்பக்கமா நடக்க மாட்டாங்க. அவர வேணா டவுன் பக்கமா சுத்தி எங்களுக்கு எதிர்ல வரச் சொல்லுங்க."

"ஆங்? நான் மட்டும் எடம் சுத்தணுமா?" ராமகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "நல்லாருக்குதே! கோயிலுக்கு எதிர்லயே எங்க ஆளுங்கள எதிர்ப்பக்கமா இட்டுனு போனா என்னைச் செருப்பால அடிப்பானுங்க."

"சரி, சரி," மேடம் கையைத் தூக்கினாள். "ரெண்டு பேருமே வலப்பக்கமா வாங்க. எங்க சந்திக்கிறீங்களோ அங்க கையெழுத்து. போதுமா?"

ஒரு மலையை ஒரே பக்கமாகச் சுற்றுகிற இரண்டு கூட்டம் எங்கே சந்திக்கும்? செக்கு மாடுகூடச் சொல்லிவிடும். யாராவது ஒருவர் நின்றால்தான் உண்டு. அது ஆதிலட்சுமிக்கும் தெரியும், ராமகிருஷ்ணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். அவன் தொப்பையோடு எவ்வளவு தூரம் நடப்பான், மூச்சு வாங்கி எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும், அப்போது அவன் நின்றான், இவள் வந்தாள் என்று ஊர் பேசும் என்பது இவள் கணக்கு. அவன் மனதில் என்ன கணக்கு ஓடியதோ, மீசைக்குள் சிரித்தான்.

"நடந்துதான் வரணும்," என்றான். "நடுவுல வண்டி ஏறுனவங்க ஒப்பந்தத்துல இல்ல."

"நடக்க முடியாதவங்க பயப்பட வேண்டிய விஷயம் அது," என்று அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் ஆதிலட்சுமி. மேடம் எல்லாம் நல்லபடி முடிந்ததென்று கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் பெண்கள் கூடினார்கள். ஆதிலட்சுமி சூடம் ஏற்றினாள். ஏற்றாமலேயே நடந்திருக்கலாம், சும்மா ஊர்வலம் என்று போயிருக்கலாம். அவளுக்கு அது போதவில்லை. வழியில் எவனாவது திரும்பி வாருங்கள் என்று சொன்னால் வாயை அடைக்க வேண்டும் அல்லவா? எல்லோரையும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்லி, "சுத்தி முடிக்கிற வரைக்கும் பொறங்கால் வைக்கிறதில்ல"ன்னு சத்தமாகச் சொல்லவும் வைத்தாள். கோயில் வாசலில் பூ விற்கிற ஆராயியும் அதைக் கேட்டாள். தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டது அப்போது ஆதிலட்சுமிக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் பாதையில் அடுத்து வருகிற வாயு லிங்கக் கோயிலைத் தாண்டிவிட்டார்கள். பெண்கள் பேனரை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். பின்னாலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் கோபி வந்தான். சங்கத்துக்குப் பந்தல், மைக் எல்லாம் போடுகிற பையன்.

"அக்கா, நில்லுங்க! அந்தாளு வருண லிங்கத்துக்கிட்ட புளியமரத்தடியில ஜமக்காளம் விரிச்சு உக்காந்துட்டான். இட்லி துன்னுனு இருக்கானுங்க எல்லாரும். இதுக்கு மேல ஒரு அடி நகர மாட்டேன், அவ மலைய முழுசா சுத்தினு என் கால்மாட்டுக்கு வரட்டும்னு சொல்றான்."

"நின்னுட்டான் இல்ல? நாமதான் ஜெயிச்சோம்!" என்று ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள்.

"இன்னா ஜெயிச்சீங்க?" கோபிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம் ஜீப்போட அங்கதான் நிக்கிறாங்க. பத்து மணிக்கு அவங்க விழுப்புரம் போயே ஆவணுமாம். அங்க வேற ரெண்டு சங்கம் கையெழுத்துப் போட ரெடியா காத்துனு இருக்குதாம். இங்க ஆவலன்னா நம்ம ஜீப்பும் அங்கயே போயிடும். நீங்க டவுனச் சுத்தி, செங்கம் ரோடு புடிச்சு எப்ப போய்ச் சேருவீங்க? மத்தியானம் ஆயிடும்."

ஆதிலட்சுமி அப்படியே நின்றாள். முன்னால் போனால் மலை முழுவதையும் சுற்ற வேண்டும். பின்னால் திரும்பினால் கொஞ்ச தூரம்தான், தன் ஊரைத் தாண்டினால் வருண லிங்கம். வண்டியில் ஏறினால் ஒப்பந்தம் போச்சு. அந்தப் பாவி இதைத்தான் கணக்குப் போட்டு மீசைக்குள் சிரித்தானா! ஜீப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றிய கையோடு பாஞ்சாலையின் வயிறு கண் முன்னால் வந்தது.

"நீங்க நடங்கடீ," என்றாள் பெண்களிடம். "சுத்தி முடிங்க. நான் திரும்பறேன்."

"அய்யய்யோ, வேணாங்க்கா! சூடம் தொட்டிருக்கோம்!"

"தொடச் சொன்னவ நான்தானே? பாவம் எனக்கு."

யாரும் கூட வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. திரும்பி நடந்தாள். நாற்பத்தைந்து வயசில் முதல் முறையாக, சாமி பேர் சொல்லிக் கிளம்பிய நடையில் மலை அவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. எதிரே கிரிவலம் வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். ஒரு கிழவர், "தாயே, வழி மாறிப் போற"ன்னு அன்பாகத்தான் சொன்னார். நிமிர்ந்து பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இதில் கொடுமை, அவள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் சூடம் தொட்டுச் சொன்ன அதே கோயில் வாசல். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். ஆராயி பூக்கூடையைத் தள்ளிவிட்டு நடு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏய் ஆதிலட்சுமி! இன்னாடி இது? காலையில சூடம் ஏத்திட்டு இப்ப எடப்பக்கமா வர்ற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"வழிய விடு."

"மாசமா இருக்கிறவ இருக்கிற ஊருடீ இது! எதுனா ஒண்ணு ஆனா உன்னத்தான் கேப்பேன்!"

யாருக்காகப் போகிறேன் தெரியுமா என்று கத்த ஆதிலட்சுமிக்குத் தோன்றியது, கத்துவதற்கு நேரம் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

வருண லிங்கத்துப் புளியமரத்தடியில் கோபி சொன்னபடியே ஜமக்காளம், இட்லிப் பாத்திரம், பேனர். ஓரமாக வெள்ளை ஜீப், அதன் பின்னால் மேடம் வந்த கார். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆதிலட்சுமி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று பார்த்ததும் ராமகிருஷ்ணன் கூட்டத்திலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் மட்டும் அசையாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாம்மா வா! என்னமோ செத்தாலும் எதிர்ப்பக்கமா வர மாட்டேன்னியே? இன்னாச்சு?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. டைம் ஆவுது."

"போடலாம், போடலாம். இன்னா அவசரம்?" அவன் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு என் ஆபீஸ் வாசல்ல மண்ண வாரி எறச்சியே. அதுக்கு ஒரு வார்த்த சொல்லிடு. தப்புன்னு. இவங்க எல்லாரும் கேக்கணும்."

ஆதிலட்சுமி அவனைப் பார்த்தாள். இந்த வாய்தானே சாதம் இறங்கட்டும் என்று சொன்னது!

"கால் வந்துடுச்சு, அதோட வச்சுக்குங்க," என்றாள். "வார்த்த வராது. கொழந்தையப் பொதச்ச கையால வாரின மண்ணு அது. இன்னைக்கும் எறைப்பேன்."

அவன் கூட்டத்தில் பின்னால் இருந்த ஒரு பெரியவர், "போட்டுடுப்பா, வண்டி போயிடப் போவுது"ன்னு முணுமுணுத்தார். இன்னொருத்தி, "நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்கும்தான் அது"ன்னாள். ராமகிருஷ்ணன் முகம் கறுத்தது. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். ஜீப்பின் மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், முதலில் அவன், பிறகு இவள். யார் முதலில் என்று இந்த முறை அவள் பார்க்கவில்லை.

"வாவ்! சூப்பர்!" மேடம் கேமராவை எடுத்தாள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. சிரிங்க, ப்ளீஸ்!" இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். படம் எடுத்துக்கொண்டு மேடம் தன் காரில் விழுப்புரத்துக்குப் பறந்துவிட்டாள்.

கார் மறைந்ததும் ராமகிருஷ்ணன் ஜீப்பின் கதவில் கையை வைத்தான். "வண்டி எங்க ஆபீஸ் ஷெட்ல நிக்கும். மத்ததெல்லாம் ஒரு மீட்டிங் போட்டுப் பேசிக்கலாம்."

ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி எங்கே நிற்கும் என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். பேனருக்கும் திசைக்கும் சண்டை போட்டதில் அதைக் கோட்டை விட்டாள். இனி மீட்டிங், மீட்டிங்குக்கு மேல் மீட்டிங். அதற்குள் பாஞ்சாலைக்கு வலி கண்டால்? செங்கம் ரோட்டில் நிற்கிற வண்டிக்கு மறுபடி ஓட வேண்டும், மறுபடி இவன் முன்னால் நிற்க வேண்டும்.

அவள் அந்தப் பக்கமாகப் போய்க் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "தம்பி, அடி அண்ணாமல. வண்டிய எடு."

சென்னையிலிருந்து வந்த டிரைவர் பையன் இருவரையும் பார்த்து விழித்தான். ராமகிருஷ்ணன் ஜீப்புக்கு முன்னால் பாய்ந்தான். "எறங்கும்மா கீழ! மீட்டிங் போடாம வண்டி நகராது!"

"போடுங்க. வேணாம்னு யார் சொன்னா?" ஆதிலட்சுமி தலையை வெளியே நீட்டினாள். "மாசமா இருக்கிற பொண்ணு எங்க ஊர்ல இருக்குது, வண்டி அங்க நிக்குது. மீட்டிங்குக்கு நீங்க அங்க வாங்க. நடந்தே வாங்க. உங்களுக்கு அது வலப்பக்கந்தான், ஒரு பாவமும் வராது."

அவன் கூட்டத்திலேயே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராமகிருஷ்ணன் யார் என்று திரும்பிப் பார்த்தான். அதற்குள் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து அவனைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏற்றிவிட்டான்.

ஆராயி வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது தெருவே கூடிவிட்டது. ஆனால் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. வாசற்படியில் ஆராயி இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்கோ ஆதிலட்சுமி. சூடத்த மீறி எடம் சுத்துனவ கொண்ணாந்த வண்டி இது. என் மருமவ இதுல ஏற மாட்டா. ஒண்ணப் பறிகொடுத்தது போதும் எனக்கு."

ராமகிருஷ்ணனிடம் வந்த வாய் ஆதிலட்சுமிக்கு இங்கே வரவில்லை. ஆராயி கெட்டவள் இல்லை, பயந்தவள். பயத்துக்கு என்ன பதில் சொல்வது? ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து பாஞ்சாலை வந்தாள். குழந்தை போன நாளிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மாமியாரின் கைக்கு அடியில் குனிந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே நீளமாக ஒரு சீட்டு. ஏறி, மெதுவாக ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு காலை நீட்டினாள். பிறகு இன்னொரு காலையும் நீட்டினாள்.

"அத்த," என்றாள் உள்ளேயிருந்தபடியே. "அன்னைக்கு மாட்டு வண்டியில காலு ரெண்டையும் மடக்கினுதான் கெடந்தேன். நீட்ட எடமே இல்ல. இதுல நல்லா நீட்டலாம்."

ஆராயி நிலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். ஆதிலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தெரு பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், ஓவென்று அழுதாள்.